காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயல் மீத்தேனைக் குறைப்பது யார் பொறுப்பு?

இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3.7 கோடி டன்னுக்கும் அதிகமான மீத்தேன் காற்றில் கலக்கிறது என்று 1990-ஐ ஒட்டி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில வயல்களில் அளந்ததை இந்தியாவின் நெல் பரப்பு முழுவதற்கும் பொருத்திப் பெற்ற எண் அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா ஒருங்கிணைக்க, 1991-இல் இந்திய விஞ்ஞானிகள் பல மாநில வயல்களில் இறங்கி நேரடியாக அளந்தார்கள். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். அதே ஆண்டு சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய அறிக்கை இன்னொரு கேள்வியை முன்வைத்தது: பசியாற நெல் விளைவிப்பவரின் வயலிலிருந்து எழும் வாயுவையும், செல்வந்த நாடுகளின் கார்களிலிருந்து எழும் புகையையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமா? பிழைப்புக்கான உமிழ்வு வேறு, ஆடம்பரத்துக்கான உமிழ்வு வேறு என்ற அந்த வாதம் அதற்குப் பின் நடந்த காலநிலைப் பேச்சுவார்த்தைகள் எல்லாவற்றிலும் இந்தியாவின் நிலைப்பாட்டுக்கு அடித்தளமாக இருந்துவருகிறது.

அந்த வாதம் அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் அதன் நிழலில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. நெல் வயல் மீத்தேன் என்று யார் வாய் திறந்தாலும், அது உழவர் மீது சுமத்தும் பழி என்று எடுத்துக்கொண்டு பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறோம். 2030-க்குள் மீத்தேனை 30 விழுக்காடு குறைப்பதாக 2021-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலக உறுதிமொழியில் 150-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தபோதும் இந்தியா விலகி நின்றதற்கு மாடுகளும் நெல்லும்தான் காரணம். பன்னாட்டு அரங்கில் இந்த விலகலுக்கு நியாயம் இருக்கலாம். உள்ளூரில் அது ஒரு நல்ல வாய்ப்பை மறைக்கிறது. விளைச்சலைக் குறைக்காமலே நெல் வயல் மீத்தேனில் பெரும் பகுதியைத் தடுக்க முடியும். அதற்கான திறவுகோல் பெரும்பாலும் உழவர் கையில் இல்லை. மதகிலும் வாய்க்காலிலும் வடிகாலிலும், அவற்றைத் திறந்து மூடும் நிர்வாகத்திடமும் இருக்கிறது. நெல் வயல் உமிழ்வைக் குறைக்கும் கடமையை உழவர் தலையிலிருந்து இறக்கி, நீர்வளத் துறையின் கணக்கில் எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நீர் தேங்கிய சேற்றில் சில நாட்களிலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. காற்றில்லாத அந்த மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் மக்கும் வைக்கோலையும் வேர்க் கசிவுகளையும் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் சிறு பகுதி குமிழிகளாக மேலெழுகிறது. பெரும் பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. வேர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லப் பயிர் வகுத்துக்கொண்ட பாதை, வாயு வெளியே வரும் பாதையாகவும் ஆகிவிடுகிறது. மனிதச் செயல்களால் உண்டாகும் மீத்தேனில் நெல்லின் பங்கு ஏறத்தாழ 8 விழுக்காடு. கால்நடைகள், நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் இடங்கள், குப்பை மேடுகள் ஆகியவை அதைவிடப் பெரிய ஊற்றுகள்.

மீத்தேனுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடியில் சுமார் 720 பங்காக இருந்த மீத்தேன் இன்று 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. இதுவரை ஏற்பட்ட வெப்ப உயர்வில் சுமார் அரை டிகிரி அதனால் வந்தது என்று ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை கணக்கிடுகிறது. ஒரு டன் மீத்தேன் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நூறாண்டுக் கணக்கில் அது 27 டன்னாகக் குறையும். காரணம், மீத்தேன் பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் சிதைந்துவிடுகிறது. நிலக்கரிப் புகையின் ஒரு பகுதியோ பல நூறாண்டுகள் காற்றிலேயே தங்குகிறது. ஆகவே மீத்தேனை இன்று குறைத்தால் அதன் பலனை இந்தத் தலைமுறையே காணும். கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காமல் மீத்தேனை மட்டும் குறைத்தால் வெப்பம் உயர்வது தாமதப்படுமே தவிர நிற்காது. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே கார்பன் சந்தையைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

மீத்தேனைத் தடுக்க வயலைப் பாலையாக்க வேண்டியதில்லை. நீரை இடையிடையே வற்றவிட்டால் மண்ணுக்குள் காற்று புகும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் அடங்கிவிடும். உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வழங்கும் முறை இதுதான். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஓர் எல்லைக்கோடு வகுத்தது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீரைக் குறையவிடக் கூடாது. ஐ.பி.சி.சி. 2019-இல் திருத்திய கணக்கு முறையின்படி, எப்போதும் நீர் நிற்கும் வயலின் மீத்தேன் 100 என்றால், பருவத்தில் ஒரு முறை வடித்த வயலில் 71, பல முறை வடித்த வயலில் 55. விளைச்சல்? 2017-இல் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்த 15 சென்டிமீட்டர் எல்லைக்குள் மிதமாகக் காயவிட்ட வயல்களில் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை, நீரோ கால் பங்கை ஒட்டி மிச்சமானது. எல்லை தாண்டிக் கடுமையாகக் காயவிட்ட வயல்களில் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. மிதமான காய்ச்சலுக்கும் கடுமையான காய்ச்சலுக்கும் இடையே இருப்பது சில நாட்களே. அந்தச் சில நாட்களில் நீர் வந்து சேருமா என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

தமிழ்நாட்டுக்கு இந்த அறிவு புதிதல்ல. மடகாஸ்கரில் 1980-களில் உருவான சாகுபடி முறை இங்கே திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பரவியது. ‘இராஜராஜன் 1000’ என்று பெயர் சூட்டி அரசே அதைக் கொண்டுசென்றது. இளநாற்று, ஒற்றை நாற்று, சதுர நடவு, கோனோவீடர் களையெடுப்பு ஆகியவற்றோடு காய்ச்சலும் பாய்ச்சலும் அதன் ஓர் அங்கம். இத்தனை ஆண்டுப் பரப்புரைக்குப் பிறகும் காவிரி டெல்டாவின் வாய்க்கால் பாசன வயல்களில் நீர்மறைய நீர்கட்டும் இந்தப் பழக்கம் முழுமையாக நிலைக்கவில்லை என்றால், அதை அறியாமை என்று விளக்குவது உழவரை அவமதிப்பது. அவர் கணக்குப் போட்டுத்தான் நீரைத் தேக்குகிறார்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். டெல்டாவுக்கு நீர் தரும் மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12 அன்று அணை திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்த நாளில் திறக்க முடியவில்லை. 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆயிற்று. காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழ்நாட்டுக்கு உறுதிசெய்த 177.25 டி.எம்.சி. காகிதத்தில் மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வந்து சேரும் நீரோ அந்த அட்டவணைப்படி நடப்பதில்லை. அணை திறந்த பிறகும் கல்லணையில் பிரிந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று ஓடி, கிளை வாய்க்கால்களில் இறங்கி, ஊருக்குள் சி, டி என வகைப்படுத்திய சிறு வாய்க்கால்கள் வழியாகக் கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள், பகுதி பகுதியாக முறைவைத்து நீர் விடும் முறைப்பாசனம் வந்துவிடுகிறது. அடுத்த முறை எத்தனை நாளில் வரும் என்று உறுதியாகச் சொல்ல எவரும் இல்லாத இடத்தில், வந்த நீரை வரப்பு மட்டத்துக்குத் தேக்கிவைப்பதே அறிவுடைய செயல். வயலில் நிற்கும் அந்த நீர் உழவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட பயிர்க் காப்பீடு. அதை வடியவிடு என்று சொல்பவர், நீர் வராமல் பயிர் கருகினால் இழப்பை ஏற்பாரா?

ஆழ்குழாய்க் கிணறு உள்ள வயலில் நிலைமை மாறுகிறது. அங்கே நீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் வேறொரு முடிச்சு உண்டு. மின்சாரம் இலவசம் என்பதால் மிச்சப்படுத்திய நீருக்கு உழவர் பையில் ஒரு ரூபாயும் சேர்வதில்லை. வங்கதேசத்தில் இதே முடிச்சு வேறு வடிவில் இருக்கிறது: அங்கே பல உழவர்கள் மோட்டார் உரிமையாளருக்குப் பருவத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டணம் தருகிறார்கள், நீரைக் குறைத்துப் பாய்ச்சினால் லாபம் மோட்டார்காரருக்கே. இலவச மின்சாரத்தை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்ற வாதம் இங்கே எழும். அதை நான் ஏற்கவில்லை. விளைபொருளின் விலையைத் தீர்மானிக்கும் உரிமை இல்லாத சிறு உழவரிடமிருந்து இந்த ஒரு பிடிமானத்தையும் பறித்தால், குறைவது மீத்தேனாக இருக்காது, சாகுபடியே குறையும். பயன்படுத்தாத மின்சாரத்துக்கு ஈடாகப் பணம் தருவது போன்ற வழிகளை முதலில் முயலலாம்.

டெல்டாவில் பருவத்துக்குப் பருவம் வேலை வேறு என்பதைப் பன்னாட்டுக் கையேடுகள் கவனிப்பதில்லை. குறுவை வெயில் காலப் பயிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. நீரை ஏற்றவும் இறக்கவும் முடியும். காய்ச்சலும் பாய்ச்சலும் முழுப் பலன் தரக்கூடிய பருவம் அதுதான். சம்பாவும் தாளடியும் அப்படியல்ல. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் தாழ்ந்த வயல்கள் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடக்கின்றன. நீரைக் குறைத்துக் கட்டு என்ற அறிவுரைக்கு அங்கே பொருளே இல்லை. அங்கே தேவை வடிகால். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்ட வடிகால் ஆறுகள் நீரைக் கடலுக்குக் கொண்டுபோகாததால் இளம்பயிர் அழுகுகிறது. அதே வேளை அந்தத் தேங்கிய நீருக்கடியில் மீத்தேனும் ஊறுகிறது. கோடையில் நடக்கும் தூர்வாரும் பணியில் பாசன வாய்க்கால்களுக்குக் கிடைக்கும் கவனம் வடிகால்களுக்கும் கிடைத்தால், பயிர்ச் சேதத்தையும் உமிழ்வையும் ஒரே செலவில் தடுக்கலாம். வடிகால் தூர்வாருவதைக் காலநிலை முதலீடு என்று எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைமடையில் மழைக்கு முன்பே புழுதியில் நேரடியாக விதைக்கும் பழைய வழக்கமும் இங்கே மதிப்புப் பெறுகிறது. மழை வந்து நீர் நிற்கும் வரை அந்த மண்ணில் காற்று இருப்பதால், சேற்றுழவு செய்து நட்ட வயலைவிட மீத்தேன் உருவாகும் நாட்கள் அங்கே குறைகின்றன.

வைக்கோலைப் பற்றி ஒரு சொல். குறுவை அறுத்த கையோடு தாளடிக்கு உழும்போது தாளும் வைக்கோலும் பச்சையாகவே சேற்றில் மடிகின்றன. மீத்தேன் நுண்ணுயிரிகளுக்கு அதைவிடச் சிறந்த உணவு இல்லை. ஐ.பி.சி.சி. கணக்கில், நடவுக்கு முந்தைய முப்பது நாட்களுக்குள் மண்ணில் சேர்த்த வைக்கோலின் மீத்தேன் தாக்கத்தை 1 என்று வைத்தால், முப்பது நாட்களுக்கு முன்பே சேர்த்ததற்கு 0.19, மக்கிய உரமாகச் சேர்த்ததற்கு 0.17. இயற்கை உரம் இட்டால் மீத்தேன் பெருகும் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. எந்த நிலையில், எப்போது இடுகிறோம் என்பதில்தான் மறுபாதி இருக்கிறது. வைக்கோல் கட்டும் இயந்திரம் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் உரிய வாரத்தில் கிடைத்தாலே இதில் பெரும்பகுதி தீரும்.

இந்த வாதத்துக்கு எதிரான அறிவியல் மறுப்புகளில் வலுவானது நைட்ரஸ் ஆக்சைடு பற்றியது. மண் நனைந்தும் காய்ந்தும் மாறும்போது யூரியாவின் நைட்ரஜன் ஒரு பகுதி அந்த வாயுவாக மாறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. தென்னிந்திய வயல்களில் அளந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, கடுமையாகக் காயவிட்ட வயல்களில் நைட்ரஸ் ஆக்சைடு முன்பு கருதியதைவிட மிக அதிகமாக எழுந்ததைக் காட்டியது. ஒரு வாயுவை விரட்டி இன்னொன்றை அழைத்துவரும் ஆபத்து உண்மையானது. ஆனால் அந்த ஆய்வே வழியையும் காட்டுகிறது: நீர்மட்டம் மேலும் கீழும் பெரிதாக ஊசலாடாமல் மிதமாக நனைத்துக் காயவிட்டால் இரண்டு வாயுக்களும் கட்டுக்குள் இருக்கும். இலை வண்ண அட்டையைப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் யூரியாவைப் பிரித்து இட்டால் இன்னும் குறையும். மிதமான காய்ச்சலுக்கு வேண்டியது நம்பகமான பாய்ச்சல். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வாதம் வாய்க்கால் தலைமதகிலேயே வந்து நிற்கிறது.

நெல்லையே ஏன் பயிரிட வேண்டும், சிறுதானியத்துக்கு மாறலாமே என்ற கேள்வியும் உண்டு. மேட்டு நிலத்தில் ஆழ்குழாய் நீரை உறிஞ்சி நெல் விளைப்பவருக்கு அது பொருந்தும். பஞ்சாபில் நெல்லுக்காக நிலத்தடி நீர் வற்றிவருவதைப் பார்த்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும். டெல்டாவின் களிமண்ணில், நவம்பர் வெள்ளத்தில், நெல்லைத் தவிர நின்று தாக்குப்பிடிக்கும் தானியம் வேறு இல்லை.

நியாயம் பற்றிய மறுப்பே இவை எல்லாவற்றிலும் ஆழமானது. இந்திய அரசு ஐ.நா.வுக்கு அளித்த கணக்கின்படி நாட்டின் மொத்த உமிழ்வில் முக்கால் பங்கு எரிசக்தியிலிருந்து வருகிறது. நெல் வயல்களின் பங்கு மூன்று விழுக்காட்டையும் எட்டவில்லை. அனல்மின் நிலையங்களை விட்டுவிட்டு வயலை ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை உழவருக்கு உண்டு. டெல்டா உழவருக்குக் கூடுதல் உரிமை உண்டு. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேனை எடுக்க வந்த திட்டத்தை எதிர்த்துப் போராடி, 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைப் பெற்றவர்கள் அவர்கள். தங்கள் வயலுக்கடியில் இருக்கும் புதைபடிவ வாயு மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நின்ற ஒரு சமூகம், காலநிலைக்கு ஆற்றிய பணி சிறிதல்ல. அவர்களிடம் போய் உங்கள் வயல் புவியைச் சூடாக்குகிறது என்று பாடம் நடத்துவது அறமற்றது. ஆகவேதான் நீர்வளத் துறையின் கடமையைப் பற்றிப் பேசுகிறேன். நம்பகமான முறைப்பாசனமும் திறந்த வடிகாலும் உழவர் நெடுங்காலமாகக் கேட்டுவருபவை. மீத்தேன் என்ற வாயுவே இல்லாவிட்டாலும் அவற்றைச் செய்துதர அரசு கடமைப்பட்டிருக்கிறது. மீத்தேன் குறைவது அந்தக் கடமையோடு சேர்ந்து வரும் பயன்.

இதை நிர்வாகம் செய்ய வேண்டாம், சந்தை செய்துவிடும் என்று நம்புவோர், உமிழ்வைக் குறைத்ததற்குச் சான்று பெற்று விற்கும் கார்பன் வரவுகளைக் காட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெற்காசியாவுக்கான ஐ.பி.சி.சி. சராசரிப்படி, எப்போதும் நீர் நிற்கும் ஒரு எக்டேர் வயல் நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் வெளியிடுகிறது. 120 நாளில் ஏறத்தாழ 100 கிலோ. அதில் 45 கிலோவைத் தடுத்தால் 1.2 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடு. டன்னுக்குப் பத்து டாலர் விலை கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் எக்டேருக்குச் சுமார் ஆயிரம் ரூபாய், ஏக்கருக்கு நானூறு. 2024-25-இல் பொது ரக நெல்லுக்கு ஒன்றிய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். ஆக, இடைத்தரகரும் தணிக்கையாளரும் எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் ஓர் ஏக்கருக்கு உழவருக்குக் கிடைப்பது பதினேழு கிலோ நெல்லின் விலை. ஒரு முறை நீர் தவறினால் அவர் இழப்பது அதைப்போல் பல மடங்கு. தணிக்கையின் தரமும் கவலைக்குரியது: சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை வெர்ரா என்ற சான்றளிப்பு நிறுவனமே 2024-இல் நிராகரிக்க நேர்ந்தது. இவை எல்லாவற்றையும்விட அடிப்படையான ஒரு குறை இருக்கிறது. இந்த வரவுகளை வாங்குவோர் தங்கள் நிலக்கரிப் புகையைத் தொடர்வதற்கு அனுமதியாக அதைக் காட்டுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டில் சிதையும் வாயுவைக் குறைத்ததற்கு ஈடாக நூற்றாண்டுகள் தங்கும் வாயுவை விட அனுமதித்தால், நெல் உழவரின் உழைப்பு புவியைக் குளிர்விக்காது. ஆடம்பர உமிழ்வைப் பிழைப்பு உமிழ்வு தாங்கிப் பிடிப்பதாகவே முடியும். 1991-இல் எழுப்பிய கேள்வி இந்த இடத்தில்தான் இன்று கூர்மையாகப் பொருந்துகிறது.

பொதுப் பணத்தில் செய்ய முடியுமா? வியட்நாம் முயல்கிறது. மேகாங் டெல்டாவில் பத்து லட்சம் எக்டேரில் 2030-க்குள் குறைந்த உமிழ்வு நெல் சாகுபடியைக் கொண்டுவரும் திட்டத்துக்கு அந்நாட்டு அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. அங்கே வயல்கள் கரைகளால் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியின் நீரையும் மோட்டார் நிலையங்களும் கூட்டுறவுகளும் ஏற்றி இறக்குகின்றன. தனி உழவர் முடிவெடுக்கும் அளவு குறைவு. காவிரி டெல்டாவை அப்படியே அதுபோல ஆக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் பாசன அமைப்புகளை உழவர் சங்கங்களே மேலாண்மை செய்ய வகைசெய்யும் சட்டம் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அந்தச் சங்கங்களுக்கு அதிகாரமும் நிதியும் தந்து, ஒரு கிளை வாய்க்காலை ஓர் அலகாக எடுத்துக்கொள்ளலாம். அணை திறக்கும்போதே குறுவைக்கான முறை நாட்களை ஊர்வாரியாக அறிவித்து, அந்த நாளில் நீர் தலைமதகைத் தாண்டியதா என்பதை எல்லோரும் பார்க்கும்படி பதிவுசெய்ய வேண்டும். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் பணியிடங்களைக் காலியாக விடக் கூடாது. அறிவித்த முறை தவறிப் பயிர் காய்ந்தால் அந்த வாய்க்காலின் உழவர்களுக்கு இழப்பீடு தருவது அரசின் சட்டக் கடமையாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாமல் மற்ற மூன்றும் வேலை செய்யாது. ஏனென்றால் வயலில் தேங்கி நிற்கும் காப்பீட்டை உழவர் விட்டுக்கொடுப்பது அதற்கு ஈடான வேறொரு காப்பீடு கைக்கு வந்த பிறகுதான். குறுவைக்கு நீர் உறுதியாகக் கிடைக்கும் ஆண்டுகளில், காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவின் சில கிளை வாய்க்கால்களில் இதைத் தொடங்கலாம். வாயு அளவையும் நீர் அளவையும் விளைச்சலையும் வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றாக அளந்து ஊர்ச் சபையில் வைக்கலாம். 1991-இல் வயலில் இறங்கி அளந்தவர்கள் ஒரு பொய்க் கணக்கை முறியடித்தார்கள். அதே கருவிகளை இப்போது ஒரு கிளை வாய்க்காலின் தலையிலும் கடையிலும் வைத்து அளந்தால், எவ்வளவு மீத்தேன் உழவரின் தேர்வால் எழுகிறது, எவ்வளவு வராத நீராலும் வடியாத நீராலும் எழுகிறது என்பது தனித்தனியே தெரிந்துவிடும்.